காபிக் கோப்பையில் ஒரு சாட்சி

இந்த ஆய்வகத்தில் காபியைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகிக்கலாம் என்று கொழுந்தன் முடிவு கட்டியபோது, முதல் கோப்பை பாதிகூடக் காலியாகவில்லை.

வரவேற்பறையில் வந்தவர்களுக்கெல்லாம் காபியோடு கோப்பையையும் சேர்த்தே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "குடிச்சிட்டு வீட்டுக்கே எடுத்துட்டுப் போங்க சார்" என்றாள் அங்கிருந்த பெண். வெள்ளைக் கோப்பை. அதன் வயிற்றில் ஒரு புகைப்படம். படத்தில் குட்டிப் பந்து ஒன்று, பக்கவாட்டில் முடி போல ஏதோ நீட்டிக்கொண்டு நின்றது. கீழே கொட்டை எழுத்தில், 'அன்று இங்கே ஒரு சூரியன் எரிந்தது'.

"ஓசியில கோப்பை கொடுக்கிற இடத்துல கண்டிப்பா ஏதோ கோளாறு இருக்கு அண்ணி" என்றான் கொழுந்தன்.

"பத்திரமா வச்சுக்கோ. இன்னிக்குக் கிடைக்கிற கூலி அதுவாத்தான் இருக்கும்" என்றார் அண்ணி.

அண்ணி என்றால் இவனுக்கு மட்டும் அண்ணி இல்லை, ஊருக்கே அண்ணி. துப்பறியும் தொழிலுக்கு வந்த புதிதில் வாசலில் பெயர்ப் பலகையெல்லாம் மாட்டித்தான் பார்த்தார். கணவரின் தம்பி என்று கூட வந்து ஒட்டிக்கொண்ட இவன் நாள் முழுக்க 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வாடிக்கையாளர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பலகை துருப்பிடித்தது. வாயை அடக்கத் தெரியாமல் இரண்டு வேலையைத் தொலைத்தவன் கொழுந்தன். அந்த வாயைப் பொறுத்துக்கொள்ள உலகத்தில் அண்ணியைத் தவிர ஆள் கிடைக்கவில்லை.

இயக்குநர் மெலிந்த மனிதர். எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் கதவைப் பார்த்தே பேசினார், யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள் என்பது போல.

"எங்க வேலையைச் சுருக்கமாச் சொல்லிடறேன். ஒரு மிளகு அளவுக்குப் பந்து. உள்ளே உறைய வச்ச கன ஹைட்ரஜன். அதைப் பெரிய உருண்டை அறைக்கு நடுவுல நிறுத்தி, எல்லாப் பக்கத்துல இருந்தும் ஒரே நேரத்துல லேசரால அடிப்போம். பந்து நசுங்கும். நாலா பக்கமும் சமமா நசுங்கினா உள்ளே இருக்கிற அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு சேரும். சூரியனுக்குள்ள நடக்கிறது அதேதான்."

"சமமா நசுங்கலன்னா?" என்று கேட்டார் அண்ணி.

"ஈரக் கையில சோப்பு மாதிரிதான். ஒரு பக்கமா நழுவிடும். ஒண்ணும் எரியாது."

போன பருவத்தில் ஒரு தடவை எரிந்திருக்கிறது. லேசர் கொடுத்த சக்தியைவிடப் பந்திலிருந்து வந்த சக்தி அதிகம். உலகமே திரும்பிப் பார்த்தது. அதன் பிறகு மூன்று தடவை அடித்தார்கள். மூன்றும் நமத்துப்போன பட்டாசு. நான்காவது தடவை நாளைக்கு அடிக்கப்போகிறார்கள். அதுவும் போனால் ஆய்வகத்துக்கே பூட்டு என்று மேலிடம் சொல்லிவிட்டது.

இயக்குநர் மூன்று புகைப்படங்களை மேஜையில் பரப்பினார். தோற்றுப்போன மூன்று பந்துகள். அடிப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் ஒரே ஜன்னல் வழியாக, ஒரே கோணத்தில் படம் எடுப்பது அங்கே வழக்கமாம்.

"பந்துக்குள்ள ஹைட்ரஜனை ஊட்டுறதுக்கு முடி மாதிரி ஒரு குழல் ஒட்டியிருக்கும். அது வடக்கே பார்த்து இருக்கணும், அதாவது படத்துல இடது பக்கம். அதுதான் விதி. மூணுலயும் பாருங்க. தெற்கே திரும்பி இருக்கு. பந்து ஒட்டுறது ஒரே ஒரு அம்மாதான். எல்லாரும் ஒட்டுக்காரம்மான்னு கூப்பிடுவோம். கேட்டா 'கை தவறிடுச்சு'ங்கிறாங்க. மூணு தடவையுமா? இதுல போட்டி ஆய்வகம் ஒண்ணு அவங்களை வேலைக்கு வேற கூப்பிட்டிருக்கு. யாரு எதைக் கொடுத்து வாங்கினாங்கன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. பொழுது சாயறப்ப போலீசைக் கூப்பிடறேன்."

"குழல் திரும்பினதை யார் முதல்ல கவனிச்சது?"

"நான்தான்" என்று வாசலில் ஒரு கனத்த குரல் கேட்டது. லேசர் பிரிவின் தலைவர். நீலச் சட்டை, வழித்துச் சீவிய தலை, நடையில் ஒரு மிடுக்கு. உள்ளே வந்து, நாற்காலி இருந்தும் நின்றுகொண்டே பேசினார். "எங்க பக்கம் ஒரு குறையும் இல்ல. அப்ப கோளாறு பந்துலதானே இருக்கணும்? எடுத்துப் பார்த்தேன். இருந்தது."

"உங்களுக்கும் அந்தம்மாவுக்கும் முன்னாடியே ஆகாதா சார்?" என்று கேட்டான் கொழுந்தன்.

"ஆகாம என்ன?" என்றார் இயக்குநர். "சம்பந்தி. அந்தம்மா பொண்ணைத்தான் இவர் பையனுக்குக் கட்டியிருக்கார்."

கொழுந்தனுக்குக் காபி புரையேறியது. இது தெரியாமல் புரையேறவில்லை. தெரிந்தும் தெரியாத மாதிரி நடிக்க வேண்டியிருந்ததால் ஏறியது.

"சம்பந்தம் வேற, வேலை வேற" என்றார் லேசர்க்காரர் விறைப்பாக.

விஷயம் என்னவென்றால், அந்த மருமகள் காலையிலேயே அண்ணியைத் தேடி வந்துவிட்டாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "எங்கம்மாவைக் காப்பாத்துங்க. ஆனா நான் இங்க வந்தது எங்க மாமாவுக்குத் தெரிஞ்சிடக் கூடாது" என்றாள். மாமா என்றால் மாமனார். அண்ணி அவளிடம் இரண்டே கேள்விதான் கேட்டார்.

"உங்க மாமா எப்படி இருக்கார்?"

"அவருக்கென்ன? நல்லா தூங்குறார். முன்னாடியெல்லாம் ராத்திரி எழுந்து எழுந்து நடப்பார். ஜெயிச்சு கொஞ்ச நாள்லயிருந்து, படுத்தா விடிஞ்சாத்தான் எழுந்திருக்கிறார்."

"அம்மாவோட தினமும் பேசுவியா? என்ன பேசுவீங்க?"

"சும்மா... வீட்டு விஷயம்" என்று சொல்லிவிட்டு அவள் தன் கைப்பை வாரை முறுக்கினாள். முறுக்கிய முறுக்கில் அது அறுந்தே போனது. கொழுந்தன் அப்போதே அவளை மனதுக்குள் சந்தேகப் பட்டியலில் ஏற்றிவிட்டான். அவன் பட்டியலில் ஏறாதவர்கள் குறைவு என்பது வேறு விஷயம்.

ஆக, இயக்குநருக்கு அந்தம்மா குற்றவாளி ஆக வேண்டும், மகளுக்கு நிரபராதி ஆக வேண்டும். இருவருக்கும் அண்ணி "சரி" என்று சொல்லியிருந்தார்.

*

லேசர் கூடம் ரயில் நிலையம் போல நீண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டிகள் வரிசை வரிசையாக அடுக்கியிருந்தன. பெட்டிக்குப் பெட்டி மூடியில் ஒரு காகித சீல். பார்க்கும் இடத்திலெல்லாம் 'தொடாதே' என்று அட்டை தொங்கியது. சுவர்க் கடிகாரம் நின்றுபோயிருந்தது, அதிலும் ஒரு அட்டை.

"கடிகாரத்தை ஏன் சார் தொடக் கூடாது? அதுவும் லேசர் அடிக்குமா?"

"ஜெயிச்ச அன்னிக்கு அது நின்னு போயிருந்தது" என்றார் லேசர்க்காரர், கொஞ்சமும் சிரிக்காமல். "அன்னிக்கு இங்க எது எப்படி இருந்ததோ அது அப்படியே இருக்கணும்னு சொல்லிட்டேன். நாற்காலியைக்கூட நகர்த்தலை. அடிக்கிற நாள்ல நான் போடறதும் அன்னிக்குப் போட்ட இதே சட்டைதான்."

"துவைச்சீங்களா?"

"தம்பி" என்றார் அண்ணி. கொழுந்தன் வாயை மூடினான்.

"பெட்டிங்க?" என்று கேட்டார் அண்ணி.

"ஒரு திருகாணியைத் தொடலை. வடக்கு வரிசையிலயும் தொடலை, தெற்கு வரிசையிலயும் தொடலை. என் பையன்க தொடலை, நானும் தொடலை."

நீ தொட்டாயா என்று அவரை யாருமே கேட்கவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று பிள்ளை தானாக முன்வந்து சொன்ன கதைதான் கொழுந்தனுக்கு ஞாபகம் வந்தது. அண்ணியைப் பார்த்தான். அண்ணி தெற்கு வரிசை ஓரமாகக் குனிந்து, காலில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைச் சரிசெய்துகொண்டிருந்தார். உறை நன்றாகத்தான் இருந்தது. வடக்கு வரிசைக்குப் போய் அங்கேயும் ஒரு தடவை குனிந்தார். அங்கேயும் உறை நன்றாகத்தான் இருந்தது.

"மூணு தடவை தோத்திருக்கீங்களே, ராத்திரி தூக்கம் வருதா சார்?" என்று நிமிர்ந்தபடியே கேட்டார்.

"நம்ம மேல தப்பில்லைன்னா ஏன் வராது?"

"அது சரி" என்றார் அண்ணி. அண்ணி 'அது சரி' என்று சொன்னால் எதுவோ சரியில்லை என்று அர்த்தம். கூட இருந்து பழகிய கொழுந்தனுக்கு அது தெரியும்.

*

ஒட்டுக்காரம்மாவை அவருடைய அறைக்குள்ளேயே விடவில்லை. கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஒரு முக்காலியில் உட்கார்ந்து, உள்ளே இருந்த தன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி. கைகள் இரண்டும் மடியில் அசையாமல் கிடந்தன.

மேஜையில், உருப்பெருக்கிக்குப் பக்கத்தில், பல்குத்தும் குச்சி மாதிரி ஒன்று இருந்தது. நுனியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு கறுப்பு முடி.

"அது என்னங்க?" என்றான் கொழுந்தன்.

"என் இமை முடி. உதிர்ந்ததை எடுத்துக் குச்சியில ஒட்டி வச்சிருக்கேன். பந்தை வேற எதால நகர்த்தினாலும் கீறல் விழுந்துடும்."

"கண்ணை இமை காக்கிற மாதிரின்னு சும்மாதான் சொல்வாங்கன்னு நெனச்சேன். நீங்க நிஜமாவே இமையை வச்சுக் காப்பாத்துறீங்களேம்மா."

அந்த அம்மாள் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்து, வராமலே திரும்பிப் போனது.

அண்ணி பக்கத்தில் இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "குழலை ஏன் திருப்பி வச்சீங்க?"

"கை தவறிடுச்சு."

"இமை முடியால பந்து தூக்குற கை. மூணு தடவை தவறும், மூணு தடவையும் ஒரே பக்கமாத் தவறும். இதை நான் நம்பணுமா?"

"நீங்க நம்பினா நம்புங்க, நம்பாட்டிப் போங்க. கை தவறிடுச்சுன்னே எழுதிக்குங்க."

"போட்டி ஆய்வகத்துல கூப்பிட்டாங்களாமே?"

"கூப்பிட்டாங்க. போகலை."

"சாயங்காலம் போலீஸ் வரும். தெரியுமா?"

"தெரியும்." அந்த முகத்தில் ஒரு சலனமும் இல்லை. போலீஸ் என்ன, பால்காரர் வருகிறார் என்று சொன்னால்கூட இதைவிடக் கொஞ்சம் அசைந்திருக்கும்.

அண்ணி குரலைத் தாழ்த்தினார். "உங்க பொண்ணு காலையில என்னைப் பார்க்க வந்திருந்தா."

முக்காலி தரையில் கிறீச்சிட்டது. அந்த அம்மாள் எழுந்தே நின்றுவிட்டார். "அவ எதுக்கு வந்தா? என்ன சொன்னா? அவளுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைங்க! அவளை இதுல இழுக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." அதுவரை அசையாமல் கிடந்த கைகள் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டன.

அவளுக்குச் சம்பந்தம் இருக்கிறது என்றும் யாரும் சொல்லவில்லை. இந்தக் கட்டிடத்தில் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது ஒரு தொத்து வியாதி போலிருக்கிறது என்று கொழுந்தன் நினைத்துக்கொண்டான்.

*

நடைவழிக்கு வந்ததும் அவனுக்கு வாய் அவிழ்ந்தது. "அண்ணி, கேஸ் முடிஞ்சுது. பொண்ணும் அம்மாவும் கூட்டு. போட்டி ஆய்வகம் பொண்ணு மூலமா அம்மாவைப் பிடிச்சிருக்கு. அதான் பொண்ணு பேரைச் சொன்னதும் ஆடிப்போயிட்டாங்க. பாவம்தான், ஆனா என்ன செய்யறது, உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும்..."

சொல்லிக்கொண்டே மிச்சக் காபியைக் குடிக்கக் கோப்பையைத் தூக்கினான். அண்ணி அவன் மணிக்கட்டைப் பாய்ந்து பிடித்தார். காபி அவன் சட்டையில் பாதி, தரையில் பாதி.

"ஐயோ! என் கருத்து பிடிக்கலன்னா வாயால சொல்லலாமே அண்ணி!"

"கோப்பையைத் திருப்பு. படத்தைக் காட்டு."

காட்டினான். அண்ணி கைப்பையிலிருந்து இயக்குநர் கொடுத்த மூன்று படங்களை எடுத்துக் கோப்பையை ஒட்டிப் பிடித்தார். கொழுந்தன் குனிந்து பார்த்தான். பந்து, பந்து, பந்து, கோப்பையிலும் பந்து. முடி போன்ற குழல் மூன்று படத்திலும் வலது பக்கம். கோப்பையிலும் வலது பக்கம்.

"கோப்பையில இருக்கிறது...?"

"ஜெயிச்ச பந்து" என்றார் அண்ணி.

கொழுந்தன் கோப்பையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தான். பிறகு சமாளித்துக்கொண்டு கேட்டான். "அச்சடிக்கும்போது இட வலம் மாறியிருக்கலாமே? கண்ணாடியில தெரியற மாதிரி?"

"பந்துக்குக் கீழே தாங்கியில நம்பர் இருக்கு பார். நேராத்தானே இருக்கு? படம் மாறியிருந்தா நம்பரும் இட வலம் மாறியிருக்கும்."

நம்பர் நேராகத்தான் இருந்தது.

"அப்ப ஜெயிச்ச அன்னிக்கும் திருப்பித்தான் வச்சிருக்காங்க! இத்தனை படிச்சவங்க, ஒருத்தர் கண்ணுலயும் படலையா?"

"தோத்ததைத்தான் தம்பி பிரிச்சுப் பிரிச்சுப் பார்ப்பாங்க. ஜெயிச்சதை எவன் சோதிக்கிறான்? கோப்பையில போட்டுக் காபி ஊத்திக் குடிச்சிட்டாங்க."

"அப்ப அந்தம்மா எதையும் கெடுக்கலை. வாங்க, போய்ச் சொல்லிட்டு வீட்டுக்குப் போகலாம்."

அண்ணி நகரவில்லை. போனை எடுத்து மருமகளைக் கூப்பிட்டார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. உங்க மாமா ராத்திரி நடந்துக்கிட்டிருந்த நாள்ல, எதுக்கு நடக்கிறார்னு உனக்குத் தெரியுமா?"

மறுமுனையில் அழுகை வெடித்தது. அழுகைக்கு நடுவே ஏதேதோ சொன்னது கொழுந்தனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. அண்ணி மட்டும் "உம்... உம்..." என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"சரி. அழாதே. யார் கேட்டாலும் நீ வாயைத் திறக்காதே, புரியுதா?"

போனை வைத்த அண்ணியின் முகத்தைப் பார்த்து அவன் பயந்தே போனான்.

"என்ன அண்ணி?"

"அம்மா ஏன் வாயைத் திறக்கலைன்னு தெரிஞ்சுபோச்சு. அம்மாவைக் காப்பாத்தணும்னா பொண்ணைக் காட்டிக் கொடுக்கணும். புகுந்த வீட்டுப் பேச்சைப் பிறந்த வீட்டுக்குக் கடத்தினவள்னு ஒரு பேர் வந்துட்டா, அந்தப் பொண்ணு அங்க எப்படி வாழும்? நாளைக்கு அவ ஒரு டம்ளர் தண்ணி கொண்டுவந்து வச்சாக்கூட எல்லாரும் பேச்சை நிறுத்திடுவாங்க. அதுக்கு ஜெயிலே தேவலைன்னு அந்தம்மா உட்கார்ந்திருக்காங்க."

ஜன்னலுக்கு வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. முதல் தடவையாகக் கொழுந்தனுக்குச் சொல்ல ஒரு நகைச்சுவையும் அகப்படவில்லை.

*

இயக்குநர் அறையில் அண்ணி, இயக்குநர், ஒட்டுக்காரம்மா மூவரும் உட்கார்ந்தார்கள்; லேசர்க்காரர் வழக்கம் போல நின்றார். கொழுந்தன் கதவோரம் நின்றான். அண்ணி மேஜை நடுவில் கோப்பையை வைத்தார், பக்கத்தில் மூன்று படங்களை வைத்தார்.

இயக்குநர் பார்த்தார். கோப்பையைத் தூக்கிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "இது... அன்னிக்கும்..."

"அன்னிக்கும்தான். திருப்பி வச்சதால ஜெயிச்சீங்க. திருப்பி வச்சதால தோத்தீங்க. பந்து மாறலை சார். வேற எதுவோ மாறியிருக்கு."

"எங்க பக்கம் ஒண்ணும் மாறலை!" என்றார் லேசர்க்காரர் சட்டென்று.

"கூடத்துல எல்லா சீலும் ஓரம் மஞ்சளடிச்சு, மங்கிப்போய் இருக்கு. தெற்கு வரிசையில மட்டும் புத்தம் புதுசா வெள்ளை வெளேர்னு இருக்கே, அது எப்படி?" அண்ணியின் குரல் உயரவில்லை. "நின்ன கடிகாரத்தையே தொடவிடாத மனுஷன், பெட்டியை மட்டும் யாருக்கும் தெரியாம திறந்திருக்கீங்க. ஏன்?"

நாற்காலியில் உட்காராத அந்த மனிதர் இப்போது உட்கார்ந்தார். மிடுக்கெல்லாம் காற்றுப் போன பந்து போல அமுங்கிவிட்டது.

"தெற்கு வரிசை ஆரம்பத்துல இருந்தே ஒரு இழை தூக்கலா அடிச்சுக்கிட்டிருந்தது" என்றார் மெதுவாக. "என் கவனக்குறைவுதான். வெளியில சொன்னா என் மானம் போயிடும்னு மறைச்சேன். ஜெயிச்சதும் வெளிநாட்டுலேருந்து அளக்க வர்றோம்னு சொன்னாங்க. கண்டுபிடிச்சிடுவாங்களேன்னு, ஒருநாள் எல்லாரும் போனப்புறம் நானே திறந்து சரிபண்ணிட்டேன். அடுத்தது தோத்தப்ப, நம்ம கைவச்சதாலயோன்னு பகீர்னுச்சு. அப்பதான் குழல் திரும்பியிருந்தது கண்ணுல பட்டது. அப்பாடா, தப்பு நம்மது இல்லைன்னு..."

"நிம்மதியா தூங்கினீங்க" என்று முடித்தார் அண்ணி. இயக்குநர் பக்கம் திரும்பினார். "குழல் ஒட்டின பக்கம் பசையால கொஞ்சம் கனம் கூடும், இல்லையா சார்? தெற்கே லேசர் பலம் கூட. கனமான பக்கத்தை பலமான பக்கத்துக்குத் திருப்பி வச்சா ரெண்டு கோணலும் ஒண்ணையொண்ணு சரிக்கட்டும். அதைத்தான் இந்தம்மா செஞ்சாங்க. இவர் லேசரைத் திருத்தினது தெரியாம, அடுத்த மூணு தடவையும் அதையே செஞ்சாங்க. கெடுத்தவங்க யாருமே இல்லை. ஆளுக்கொரு நல்லதை ஒளிச்சு ஒளிச்சுச் செஞ்சு, ரெண்டு நல்லதும் சேர்ந்து ஒரு கெட்டதாயிடுச்சு."

இயக்குநர் அசந்துபோய் உட்கார்ந்திருந்தார். ஆனால் சந்தேகத்திலேயே ஊறிய மனம், அவ்வளவு சீக்கிரம் விடுமா? கண்களைச் சுருக்கிக்கொண்டு ஒட்டுக்காரம்மாவைப் பார்த்தார். முதல் தடவையாகக் கதவைப் பார்க்காமல் ஆளைப் பார்த்தார்.

"தெற்கு தூக்கல்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? லேசர் அளவெல்லாம் பூட்டி வச்ச விஷயம். எனக்கே தெரியாது. யார் எடுத்துக் கொடுத்தா?"

"ஊகம்தான்."

"ஊகமா? எட்டுத் திசை இருக்கும்போது சரியாத் தெற்குன்னு ஊகமா? அளவைத் திருடினது குற்றம்மா. போட்டி ஆய்வகத்துக்கும் அதே வழியிலதானே போயிருக்கும்? யார் அந்த ஆள்? சொல்லுங்க!"

அந்த அம்மாள் தலை குனிந்தார். இயக்குநர் போலீசுக்குப் போன் போட்டார்.

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். சொல்லிவிடுங்களேன் என்று ஒரு மனம், சொல்லிவிடாதீர்களே என்று ஒரு மனம். அண்ணி சொல்லவில்லை. லேசர்க்காரர் பக்கம் மட்டும் திரும்பினார்.

"சார், உங்களை ஒண்ணு கேக்கறேன். அவசரமில்ல, நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. தெற்கு வரிசை விஷயத்தை நீங்க எங்கயாவது வாய்விட்டுச் சொன்னது உண்டா? ஆபீஸ்ல இல்ல. வேற எங்கயாவது."

"எங்கயும் இல்லையே. நான் யார்கிட்ட..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார்.

அவர் முகத்தில் அது ஒவ்வொன்றாக வருவதைக் கொழுந்தன் கண்ணெதிரே பார்த்தான். தூக்கம் வராத ஒரு ராத்திரி. சாப்பாட்டு மேஜை. மனைவி தூங்கப் போய்விட்டாள், மகன் ஊரில் இல்லை. எதிரில் மருமகள் மட்டும், "ஏன் மாமா சரியாவே சாப்பிட மாட்டேங்கறீங்க?" என்று கேட்டுக்கொண்டு நின்றிருப்பாள். மனசு தாங்காமல் கொட்டியிருப்பார்.

லேசர்க்காரர் மெல்ல நிமிர்ந்து சம்பந்தியம்மாளைப் பார்த்தார். அந்த அம்மாளின் கண் கெஞ்சியது. அவள் குழந்தை, வேண்டாம், என்னை வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று. போன் மறுமுனையில் "ஹலோ, ஹலோ" என்று யாரோ கூப்பிடுவது அறை முழுக்கக் கேட்டது.

"போனை வைங்க சார்" என்றார் லேசர்க்காரர். "நான்தான் சொன்னேன்."

"யாருகிட்ட?"

"இவங்ககிட்டதான். எங்க வீட்டுக்கு ஒரு நாள் வந்திருந்தாங்க. சம்பந்தின்னு மனசுவிட்டுப் பேசிட்டேன். அப்புறம் மறந்தே போயிட்டேன். வேற யாரும் பக்கத்துல இல்லை." கடைசி வார்த்தைகளை அழுத்திச் சொன்னார். "வேற யாரும் இல்லை. அப்படித்தானே சம்பந்தியம்மா?"

ஒட்டுக்காரம்மாவின் கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் திரண்டு நின்றது. "ஆமா சம்பந்தி" என்றார்.

இயக்குநர் போனை வைத்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க ரெண்டு பேரையும் நான் என்ன பண்றது?"

"நாளைக்கு அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரே மேஜையில உட்கார வைங்க" என்றார் அண்ணி. "எது தூக்கல், எது கனம்னு ஒருத்தருக்கொருத்தர் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லட்டும். நடுவுல யாரும் தூது போக வேண்டியிருக்காது."

*

வண்டியில் வரும்போது கொழுந்தன் மடியில் கோப்பையை வைத்துக்கொண்டிருந்தான்.

"உங்க முன்னாடியே ஒரு மனுஷன் பச்சைப் பொய் சொல்றார், நீங்க சும்மா இருந்தீங்களே. நாம துப்பறியறவங்களா, உடந்தையா?"

"அவர் எத்தனையோ நாளா பொய்தான் சொல்லிட்டிருந்தார். இன்னிக்குத்தான் தனக்காக இல்லாம சொன்னார். அதைப் போய்க் கெடுப்பாங்களா?"

"அது சரி. ஆனா மனுஷன் வீட்டுக்குப் போய் அந்தப் பொண்ணை வறுத்து எடுத்தா?"

அண்ணி வண்டியின் வேகத்தைக் குறைத்தார். அந்தச் சந்தேகம் அண்ணிக்கும் இருந்தது.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போதே போன் அடித்தது. மருமகள். அண்ணி போனைக் கொழுந்தனுக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். குரல் கரகரத்திருந்தது. அழுகையா, சிரிப்பா என்று முதலில் விளங்கவில்லை.

"மாமா இப்பத்தான் வந்தாருங்க. சட்டைகூட மாத்தாம சாப்பிட உட்கார்ந்தாரு. நானும் பயந்துக்கிட்டே பக்கத்துல போனேன். தண்ணி கொண்டுபோய் வச்சேன். எல்லாரும் இருந்தாங்க. என்னை ஒண்ணுமே கேக்கலை. அத்தை எழுந்து உள்ளே போனதும், மெதுவா என்னை உட்காரச் சொன்னாரு."

"உட்கார்ந்தியா? என்ன சொன்னார்?"

"'ஏம்மா, தூக்கலா அடிக்குதுன்னு நான் புலம்பினதை அம்மாகிட்ட சொன்னே, சரி. அதைச் சரிபண்ணினதை உங்கிட்ட சொல்லாம விட்டது என் தப்பு. பாதி விஷயம் போனதாலதான் மூணு பந்து வீணாப்போச்சு. இனிமே முழுசாச் சொல்றேன், நீயும் முழுசாச் சொல்லு'ன்னாரு."